இறங்காத வேகம்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கே பேர்: பெரியக்கா, அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, தம்பியோடு இருபத்தாறு வருடம் மேடையில் டிரம்ஸ் வாசித்த குண்டு. நான்கு மணிக்கு மேல் வந்தவர்கள் வேறு கணக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மறுநாள் விடிவதற்குள், தெருவில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகவும், தங்கள் காதாலேயே கேட்டதாகவும் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

"நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. நிறுத்து" என்றார் பெரியக்கா.

தம்பி கிட்டார் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினான். அறையின் மூலையில் நெஞ்சு உயரத்துக்கு நின்ற மரப்பெட்டிக்குள் ஏதோ ஒன்று இன்னும் சற்று நேரம் சுற்றிவிட்டு ஓய்ந்தது.

"நிமிஷத்துக்கு நாற்பத்தெட்டு சுத்து. சரியா எண்ணினீங்களாக்கா?"

"முப்பத்துநாலு வருஷம் நாடி பிடிச்சவகிட்ட கேக்குற கேள்வியாடா இது?"

ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸாக இருந்து பெரியக்கா ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வேலையை விட்டாரே தவிர, நெஞ்சில் தலைகீழாகக் குத்திக்கொள்ளும் அந்தச் சின்னக் கடிகாரத்தை விடவில்லை. எழுபது வயதிலும் முதுகில் கோல் வைத்துக் கட்டியதுபோல் நிமிர்ந்துதான் உட்காருவார். தெருவுக்கே அவர் சிஸ்டர். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அவரிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் டாக்டரிடம் போவார்கள்.

மூலையில் நின்ற அந்த மரப்பெட்டிக்கு வீட்டில் காத்தாடி என்று பெயர். ஸ்பீக்கர்தான், ஆனால் சும்மா நிற்கிற ஸ்பீக்கர் அல்ல. மேலே ஒரு குழல், கீழே ஒரு கனமான உருளை, இரண்டும் மோட்டாரில் சுற்றும். கிட்டாரின் சத்தம் அதற்குள் புகுந்து வெளியே வரும்போது அறையையே வலம்வரும். மெதுவாகச் சுற்றினால் தூங்குகிறவனின் மூச்சு. வேகமாகச் சுற்றினால் நடுங்கும். இருபத்தாறு வருடமாகத் தம்பியின் பெயர் எந்தச் சுவரொட்டியிலும் வந்ததில்லை. பாடுகிறவர்களுக்குப் பின்னால், விளக்கு விழாத இடத்தில்தான் அவன் நாற்காலி. ஆனாலும் அந்தச் சுழற்சி கேட்டதும், "மாஸ்டர் வந்துட்டாரு" என்று அரங்கில் விவரம் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

போன மாதம் காத்தாடியை ஆள் சேர்த்துத் தூக்கிப்போனபோது, ஒரு ஹோட்டலின் பின்பக்க மாடிப்படியில், இரண்டாவது திருப்பத்தில், தம்பி தன் பக்கத்துப் பிடியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்றோடு டாக்டர் காத்தாடியைத் தூக்கத் தடை போட்டுவிட்டார். சனிக்கிழமை அதே ஹோட்டலில் கச்சேரி. அதனால்தான் இந்தத் தேர்வு. காத்தாடி போலவே சத்தம் தருகிற, காலால் மிதிக்கிற சின்னப் பெட்டிகள், பெடல்கள், வந்துவிட்டனவாம். வாத்தியக் கடைக்காரர் மூன்றைப் பையில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், நாலு மணிக்கு வந்து மற்ற இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

"நம்ம வீட்டுல போலிக்கு என்னடா வேலை?" என்று பெரியக்கா முந்தைய நாளே கேட்டுவிட்டார். "இந்தக் குடும்பத்துல யாரும் இரவல் சட்டை போட்டுக்கிட்டு விசேஷத்துக்குப் போனதில்ல."

"போலியான்னு கண்டுபிடிக்கத்தான் உங்களக் கூப்பிடுறேன். நீங்க எண்ணுங்க. உங்க காதுக்கும் கணக்குக்கும் தப்பினா அது அசல்."

இப்படிச் சொன்னால் பெரியக்கா மறுக்கமாட்டார் என்பது அவனுக்குத் தெரியும்.

அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். எந்தப் பெட்டியில் வயரைச் செருகுகிறோம் என்று சொல்லாமல் மாற்றி மாற்றிச் செருகுவது குண்டுவின் வேலை. குண்டு ஒவ்வொரு முறை குனியும்போதும் முழங்கால் மூட்டு சொடக்குப் போட்டது.

"அது எந்தப் பெடல்டா?" என்றான் தம்பி.

"அது என் மூட்டு மாஸ்டர்."

முன்னறையில் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்த தம்பி மனைவி சிரித்துவிட்டு மெஷினை நிறுத்தினாள். "மிதிக்கிறதுதான் வேலைன்னா இங்க வந்து உட்காருங்க. நாலு சட்டையாவது முடியும்."

முதலில் நீலப் பெட்டி. ஒரே ஒரு குமிழ். வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்ததைத் தம்பி மிதித்ததும் சட்டென்று மெதுவாகிவிட்டது.

"எடுத்துடு" என்றான் தம்பி. "விளக்கு சுவிட்சப் போட்ட மாதிரி மாறுது. சுத்துற பொருளுக்கு எடை இருக்குக்கா. நில்லுன்னா உடனே நிக்காது."

அடுத்தது சிவப்பு. அது நிதானமாகத்தான் இறங்கியது. பெரியக்காவுக்குப் பிடித்திருந்தது. தம்பி மட்டும் தலையைச் சாய்த்து, ஏறவிட்டு இறக்கி, ஏறவிட்டு இறக்கி, பத்து நிமிடம் கேட்டான். "மேல் சத்தமும் அடிச் சத்தமும் ஒண்ணாவே இறங்குது. ஒரே நுகத்துல பூட்டின மாடு மாதிரி. காத்தாடியில மேல இருக்கிற குழல் லேசு, அது சீக்கிரம் அடங்கிடும். கீழ இருக்கிற உருளை கனம். மேல அடங்கின பிறகும் கீழ கொஞ்ச நேரம் உறுமிக்கிட்டே இருக்கும். வேகம் ஏறுறதுல யாரும் ஏமாத்தலாம். இறங்கறதுலதான் தெரியும்."

மூன்றாவது சாம்பல் நிறம். நிறையக் குமிழ்கள். அது இறங்கியபோது மேலே முதலில் அடங்கியது, கீழே உறுமியது. தம்பி சுவரைப் பார்த்தபடியே, "இது காத்தாடியா?" என்று கேட்டான். குண்டு வாயைப் பொத்திக்கொண்டு பெரியக்காவைப் பார்த்தான். ஆனால் அதன் மெதுவான சுற்று நாற்பதுதான் என்று பெரியக்கா எண்ணிச் சொன்னார். குமிழைத் திருகி நாற்பத்தெட்டுக்குக் கொண்டுவரலாம், கொண்டுவந்தால் மற்றது ஏதாவது கெடுகிறதா பார்க்க வேண்டும் என்றான் தம்பி. சிவப்பா, சாம்பலா என்பது மதியம்வரை முடிவாகவில்லை.

சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன விதி. படுக்கவில்லை. மூன்றேகாலுக்குப் பெரியக்கா மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஜன்னல்களைச் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டிருந்தான். அறை புழுங்கியது. அவன் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

"ஏன்டா இப்படி வேர்க்குது?"

"ரூம் புழுக்கம். ஜன்னலத் திறந்தா சத்தம் வெளிய ஓடிடுது." மாத்திரையை விழுங்கிவிட்டுத் தம்ளரை அவர் கையில் திருப்பிக் கொடுத்தான். "அக்கா, சாம்பல் பெட்டிய நாற்பத்தெட்டுக்கு வச்சுட்டேன். இனிமே நானாக் கூப்பிடுற வரைக்கும் யாரும் கதவத் திறக்க வேண்டாம். திறந்தா அறையே மாறிடும், மறுபடி முதல்ல இருந்து கேக்கணும். முக்கியமா குண்டுவ விடாதீங்க."

"யாரும் வரமாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

"நீங்க வாசல்ல உட்கார்ந்தா எமன்கூட டோக்கன் வாங்கிட்டுத்தான் வருவான்."

பெரியக்கா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. சூடில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, கதவுக்கு நேரெதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மாத்திரை நோட்டில் 3.15 என்று எழுதினார். அதற்கு மேலே அதே கையெழுத்தில், அதே நேரத்துக்கு, முப்பது வரிகள் இருந்தன. பேனாவை மூடி வைத்தார்.

உள்ளே தாழ்ந்த ஒரு ஸ்வரம் மெதுவாகச் சுற்றியது. ஏறியது, இறங்கியது, மேலே அடங்கியது, கீழே உறுமியது. பிறகு மறுபடி ஏறத் தொடங்கியது. எத்தனை நொடியில் ஏறுகிறது என்று அளந்து சொன்னால் தம்பிக்கு உதவும் என்று பெரியக்கா கடிகாரத்தைக் கையால் தூக்கிப் பிடித்தார். மணி மூன்று இருபது. ஏற ஐந்து நொடி. சரி, இறங்குவதையும் அளக்கலாம் என்று முள்ளைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். உள்ளே நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. ஏதோ மெத்தென்று எதன் மேலோ பட்டதுபோல் ஒரு சத்தம். பெடலை நகர்த்தி வைக்கிறான் என்று நினைத்தார்.

ஸ்வரம் இறங்கவில்லை. ஒரே வேகத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு நிமிடம் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். கை வலித்தது. விட்டுவிட்டார். சாப்பாட்டு மேசையில் கைகளை மடக்கித் தலைவைத்துக் குண்டு தூங்கிப்போயிருந்தான். முன்னறையில் மெஷின் ஓடியது, நின்றது, ஓடியது. கதவின் அடியில் இருந்த இடுக்கு வழியாக அந்த நடுக்கம் தரைக்கு வந்து, நாற்காலிக் கால்களில் ஏறி, உட்கார்ந்திருந்தவரின் முழங்காலில் தெரிந்தது. மெதுவான சுற்றை எண்ணலாம். இதை எண்ண முடியாது. இப்படி ஒரு நாடி விரலுக்குக் கீழே ஓடினால், தியேட்டரில் பெரியக்கா ஒரு நொடிகூட உட்கார்ந்திருக்கமாட்டார்.

மூன்று முப்பத்தைந்துக்கு மெஷின் நின்றது. தம்பி மனைவி, கழுத்தில் அளவு நாடாவுடன், வந்து நின்றாள்.

"அண்ணி, இது இறங்கவே இல்லையே?"

"வச்சுப் பாக்குறான். எவ்வளவு நேரம் தாங்குதுன்னு."

"இவ்வளவு நேரம் வேகத்துலயே விட்டுட்டு இருக்கமாட்டாரே. காதுல புழு நெளியற மாதிரி இருக்கும்னு அவரே சொல்லுவாரு."

"அது பழைய பெட்டிக்கு. இது புதுசு."

"ஒரே ஸ்வரமா இருக்கு அண்ணி. விரல் மாறல." அவள் கதவின் கைப்பிடியில் கையை வைத்துவிட்டாள். "ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"கைய எடு."

அவள் எடுக்கவில்லை.

"அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார் பெரியக்கா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தி அவருக்குப் பழக்கமில்லை. "முப்பது வருஷமா அவனோட குடும்பம் நடத்துற. வேலையில இருக்கிற மனுஷன் கதவத் திறக்கக் கூடாதுன்னு இன்னுமா தெரியாது? போய் உட்காரு."

அவள் உட்கார்ந்தாள். தன் மெஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் மெஷின் ஓடவில்லை. பிறகு ஓடியது.

நான்கு மணிக்கு வாசல் மணி அடித்தது. கடைக்காரர். குண்டு திடுக்கிட்டு விழித்து, கன்னத்தில் சட்டைப் பொத்தானின் தடத்தோடு எழுந்து, "முடிவாயிடுச்சா? மாஸ்டர், எது?" என்று கேட்டுக்கொண்டே கதவருகே வந்தான். பெரியக்கா கையைக் குறுக்கே நீட்டி அவனை நிறுத்தினார். தாமே இரண்டு முறை தட்டினார். தாமே திறந்தார்.

தம்பி நாற்காலியிலேயே இருந்தான். தலை இடப்பக்கம் சரிந்து மரப்பெட்டியின் விளிம்பில் சாய்ந்திருந்தது. அசதியில் அங்கேயே கண்ணயர்ந்தவனைப் போல. கிட்டார் மடியிலிருந்து நழுவி, பெடல்களுக்காக முன்னால் வைத்திருந்த சாதாரண ஸ்பீக்கரின் மேல் சாய்ந்து நின்றது. உள்ளே குடைந்த மர உடம்பு உள்ள கிட்டார் அது. ஸ்பீக்கர் அதை அதிரவைக்க, அதன் அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்கே போக, யாரும் தொடாமலே அந்த ஒற்றை ஸ்வரம் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தால் ஊளையிடுமே, அந்த வகை. அது சாம்பல் பெட்டி வழியாகப் போய் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

பெரியக்கா அவன் கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். தொங்கிய கையைத் தூக்கிப் பார்த்தார். விரல் நுனிகளில் ரத்தம் தங்கத் தொடங்கிய நிறம். அந்த நிறம் ஐந்து நிமிடத்திலோ பத்து நிமிடத்திலோ வருவதில்லை.

அவனைத் தொட்டுப் பார்த்த பிறகு அவர் செய்த காரியம் வேறு யாருக்கும் புரியவில்லை. குனிந்து, உள்ளங்கையால், பெடலின் மிதியை ஒருமுறை அழுத்தினார். வேகம் இறங்கியது. மேலே முதலில் அடங்கியது. கீழே உறுமியது. பிறகு தூங்குகிறவனின் மூச்சு போல மெதுவாகச் சுற்றியது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குண்டுதான் ஓடிப்போய் ஸ்பீக்கரை அணைத்தான். அதன் பிறகுதான் தம்பி மனைவியின் குரல் வீட்டில் கேட்டது.

அடுத்த தெரு டாக்டர் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில், கையுறை போடத் தெரியவில்லை என்று பெரியக்காவிடம் திட்டு வாங்கியவர். இன்றும் அவர் முன்னால் உட்கார யோசிப்பார்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"இப்பதான் சார்!" என்றான் குண்டு அழுதுகொண்டே. "நாங்க கதவத் திறக்கிற வரைக்கும் வாசிச்சுக்கிட்டே இருந்தாரு. வீட்டுல எல்லாரும் கேட்டோம்."

டாக்டர் தம்பியின் கையைப் பார்த்தார். தாடையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பெரியக்காவைப் பார்த்தார். குண்டுவையும் கடைக்காரரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவை ஒருக்களித்தார்.

"உடனே போயிருக்கும் சிஸ்டர். யார் பக்கத்துல இருந்திருந்தாலும்..."

"சொந்தக்காரங்ககிட்ட நாம சொல்றதுதான அது" என்றார் பெரியக்கா. "நானும் முப்பத்துநாலு வருஷம் சொல்லியிருக்கேன்."

டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "நேரம் என்ன போடட்டும்?"

எத்தனை பேருக்கு எழுதியிருப்பார் பெரியக்கா, அந்த நேரத்தை. நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம் என்றே எழுதியவர். பெரிய சர்ஜன் வந்து, ஐந்து நிமிடம் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள் என்று காதோடு சொன்னபோது, நோட்டை அவர் முன்னால் திருப்பி வைத்து, நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றவர்.

"நாலு" என்றார் பெரியக்கா.

டாக்டர் எழுதினார்.

இருட்டுவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. குண்டு வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. தூங்கி விழித்தபோது கேட்ட சத்தத்தைச் சொன்னான். ஆனால் அவன் சொன்னது வாசலைத் தாண்டியதும் வளர்ந்தது. உயிர் போன பிறகும் கிட்டார் ஓயவில்லை என்றார்கள். விரல் விறைத்த பிறகும் ஓடியதாம் என்றார்கள். அரை மணி நேரம் என்றார் ஒருவர். ஒரு மணி நேரம் என்றார் அவருக்குப் பின்னால் வந்தவர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடைசியில் இரண்டு மணி நேரத்தில் வந்து நின்றது. கடைக்காரர் சாம்பல் பெட்டியை எடுத்துப்போக மறுத்துவிட்டார். "அது அவரோட பெடல் சிஸ்டர். அவர் தேர்ந்தெடுத்துட்டாரு. அதுல வாசிச்சுக்கிட்டேதான போனாரு" என்று கும்பிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் 'உச்' கொட்டினார்கள்.

வந்தவர்கள் அதற்குமுன் தம்பியைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை. பாட்டுக்காரர்கள் வந்தார்கள். இருபத்தாறு வருடம் இவன் முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்காதவர்கள், அறைக்குள் எட்டிப்பார்த்து, இந்த நாற்காலியா, இந்தக் கிட்டாரா என்று கேட்டார்கள். பெரியக்கா கேட்டுக்கொண்டிருந்தார். குடும்பத்துக்கு ஒரு பெயர் வருகிறது. வராமல் வந்த பெயர். அதைத் தட்டிவிட ஒரு வார்த்தை போதும். தட்டிவிட்டால் தம்பிக்கு என்ன மிஞ்சும்? பூட்டாத ஒரு கதவுக்கு உள்ளே தனியாகக் கிடந்தவன் என்பது மிஞ்சும். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது யார் என்பதும் மிஞ்சும்.

பக்கத்து வீட்டுக்காரி தம்பி மனைவியின் தோளை அணைத்துக்கொண்டு கேட்டாள். "உன் காதாலயே கேட்டியாம்மா? கடைசி வரைக்கும் வாசிச்சாரா?"

பெரியக்கா சமையலறை வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்.

"மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சுக்கா" என்றாள் அவள். "அந்தச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

அவள் நிமிர்ந்து பெரியக்காவைப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. பார்க்கவில்லை. கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து, இறுக்கமாகச் சுருட்டி, பக்கத்துப் பலகையில் வைத்தாள். முப்பது வருடத்தில் அந்தப் பெண் இந்த வீட்டில் ஒரு பொய் சொல்லிப் பெரியக்கா கேட்டதில்லை. தைத்த சட்டையில் ஒரு தையல் கோணினாலும், கேட்கிறவர் கவனிக்குமுன் தானே காட்டிப் பிரித்துப் போடுகிறவள். அவள் பொய்க்கு யார் காரணம் என்பதை வெளியிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. பெரியக்கா குடத்தை இறக்கி வைத்தார். தண்ணீர் தளும்பிக் காலில் விழுந்தது. துடைக்காமல் நின்றார்.

காலையில் வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வண்டி தெருமுனையில் நின்றது. எடுப்பதற்கு முன் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று இசைக்குழுத் தலைவர் கையில் ஒரு தாளோடு வந்திருந்தார். முன்வரிசையில் பெரியக்கா, அவர் பக்கத்தில் தம்பி மனைவி. இரவு முழுக்க இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. டாக்டர் பின்னால், கேட்டருகே நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

தலைவர் நன்றாகப் பேசக்கூடியவர். மேடைக் குரல்.

"எத்தனையோ பேர் வாசிக்கிறாங்க" என்று தொடங்கினார். "கைதட்டல் நின்னா வாசிப்பும் நின்னுடும். நம்ம மாஸ்டர் கைதட்டலுக்காக வாசிச்சவர் இல்ல. நேத்து அவர் ஒரு புதுப் பெடலைத் தேர்ந்தெடுத்தாரு. தேர்ந்தெடுத்து, கதவைச் சாத்திக்கிட்டு, வாசிக்க உட்கார்ந்தாரு. உயிர் போயிடுச்சு. ஆனா வாசிப்பு போகல. இந்த வீடே கேட்டுச்சு, இந்தத் தெருவே கேட்டுச்சு. உயிர் போன பிறகும் ரெண்டு மணி நேரம்..."

பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். ஒருவர் மார்பில் கை வைத்துக்கொண்டார். குண்டு தோள் குலுங்க அழுதான். பக்கத்தில் தம்பி மனைவி தரையைப் பார்த்தபடி இருந்தாள். அவள் கை நாற்காலிக் கையின் மேல், கதவின் கைப்பிடியைப் பற்றுவதுபோல் பற்றியிருந்தது.

பெரியக்கா எழுந்தார்.

தலைவர் நிறுத்தினார். சிஸ்டரும் இரண்டு வார்த்தை பேசப்போகிறார் என்று நினைத்து, தாளை மடித்துக்கொண்டு மரியாதையாக ஒதுங்கினார். குண்டு எழுந்து ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்தான். "சிஸ்டர், தலை சுத்துதா? உட்காருங்க, உட்காருங்க." பெரியக்கா அவன் கையை விலக்கினார். எப்போதும் போல நிமிர்ந்து நின்றார். கேட்டருகே நின்ற டாக்டர் வரைக்கும் கேட்கிற குரலில், வார்டில் காலை அறிக்கை வாசிக்கிறவர்போல் சொன்னார்:

"அவன் எதையும் தேர்ந்தெடுக்கல. ரெண்டு மணி நேரமும் இல்ல. மூணு இருபதுல இருந்து நாலு வரைக்கும், நாற்பது நிமிஷம். வாசிச்சது அவன் இல்ல; கிட்டார் நழுவி ஸ்பீக்கர் மேல சாஞ்சு ஊளையிட்டுச்சு. இவளுக்குக் கேட்டுச்சு. கதவத் திறக்க வந்தா. உட்காருன்னு சொன்னது நான்."